ஹூம்காரரின் காந்தம்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹூம்காரர் என்றால் தபால்காரருக்கும் தெரியும். முப்பத்தோரு வருடமாகக் கார் பழுது பார்க்கிறார். அத்தனை வருடமும் யார் எதைச் சொன்னாலும் முதல் பதில் ஒரு 'ஹூம்' தான். மூக்கு வழியாகப் பாதி, தொண்டை வழியாகப் பாதி வரும். கேட்டவன் தான் சொன்னதைத் தானே ஒருமுறை சந்தேகப்பட்டுவிடுவான். புது வண்டி வாங்கி ஆசையோடு காட்ட வந்தவனுக்கும் அதே ஹூம். தகப்பனார் இறந்துபோன செய்தியைச் சொல்ல வந்தவனுக்கும் பழக்கதோஷத்தில் அதுவே வந்துவிட்டது. அதற்காக வருத்தப்பட்டாரா என்றால், இறந்தவர் ஆயுள் முழுக்க கிளட்ச் மேலேயே காலை வைத்து வண்டி ஓட்டியவர் என்பதைத்தான் நினைவுபடுத்திக்கொண்டார்.

உலகத்தில் இரண்டே வகை மெக்கானிக் என்பது அவர் கட்சி. பழுது பார்க்கிறவன் ஒரு வகை; பாகம் மாற்றுகிறவன் இன்னொரு வகை. முதல் வகையில் அவர் மட்டும்தான் இருந்தார். முன்பு இன்னொருவர் இருந்தார், அவரும் டயர் கடை வைத்துக் கெட்டுப்போனார். இரண்டாம் வகையின் தலைவன் வெகு தூரத்தில் இல்லை, ஒரே கூரைக்குக் கீழே, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான். கூடப்பிறந்த தம்பி.

அப்பா விட்டுப்போன பட்டறையை அண்ணன் தம்பி இருவரும் நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் அண்ணனுக்கு: எண்ணெய்க் குழி, பேரிங் அழுத்தும் பிரஸ், கருத்துப்போன மரப்பலகை. வலது பக்கம் தம்பிக்கு: வெள்ளை டைல்ஸ், சுழல் நாற்காலி, வண்டியில் சொருகிக் கோளாறு படிக்கும் ஸ்கேனர் பெட்டி. பெட்டி எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதைக் கழற்றி எறிந்து புதுசு போடுவான் தம்பி. அவனுக்கு அண்ணன் வைத்த பெயர் டப்பா டாக்டர். வாடிக்கையாளர் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் சளைத்தவனில்லை, சிரித்துக்கொண்டே, "அண்ணன் வண்டிய மோந்து பாத்தே சொல்லிடுவாரு, பெட்டியே வேணாம்" என்பான்.

ஹூம்காரரின் பெருமை அவருடைய பலகையின் முன்விளிம்பில் திருகி வைத்திருந்த காந்தம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியது. கழற்றுகிற ஆணி, நட்டு, வாஷர், ஸ்பேனர், கையில் இருக்கிற எதையும் திரும்பிப் பார்க்காமலே அதன்மேல் விட்டெறிவார், சடக்கென்று ஒட்டிக்கொள்ளும். முப்பத்தோரு வருடத்தில் ஒரு நட்டுகூடத் தொலைத்ததில்லை என்று சொல்வார். தம்பி பிளாஸ்டிக் தட்டு தட்டாக வாங்கி அதில் லேபிள் ஒட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

தம்பியை விடவும் அவர் மட்டமாக நினைத்த ஆள் ஒருவர் உண்டு. அவருடைய மாப்பிள்ளை. அவர் ஒரு சரக்குக் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி. ஏணியில் ஒருமுறைகூட ஏறாமல் ஏணியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதக்கூடியவர். வேலையில் ஒட்டிய எச்சரிக்கைத் தாள்கள் போதாமல் வீட்டிலும் ஒட்டி வைத்திருந்தார். அடுப்புக்கு மேலே 'அணைத்தீர்களா?'. மாடிப்படியில் 'கைப்பிடியைப் பிடிக்கவும்'. குளியலறைக் கதவில் 'தரை ஈரமாக இருக்கலாம்'. குளியலறைத் தரை வேறு எப்படி இருக்கும் என்று ஹூம்காரர் மனைவியிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. ஒரு தடவை அங்கே வழுக்கி விழப் பார்த்தது யார் என்று மட்டும் கேட்டாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாத நோயாளிகளின் வீடு வீடாகப் போய் முட்டியை மடக்கவும் தோளைத் தூக்கவும் பழக்குவாள். மடக்குக் கட்டில், மின்சார மெஷின், ரப்பர் பட்டைகள் எல்லாம் காரின் பின்சீட்டில் இருக்கும். கார் இருந்தால்தான் அந்த வேலை. ஊரின் அந்தக் கோடியில் எட்டு நோயாளிகள் அவள் கைக்காகவே காத்திருந்தார்கள்.

கோளாறு ஆரம்பித்தது அந்தக் காரில்தான். தண்ணீர் டேங்க் பக்கம் இடது வளைவில் திரும்பும்போது வண்டி தானாகவே பிரேக் பிடித்து ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. முகப்பில் வண்டி சறுக்குவது போன்ற படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னியது. விஷயம் இதுதான்: அந்த மாதிரி வண்டியில் நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு சென்சார் உட்கார்ந்து, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்கும். வண்டி சறுக்குவதாகக் கணக்கு வந்தால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகவே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். சறுக்காத வண்டியை அது நேராக்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று மகளைத்தான் கேட்க வேண்டும்.

டப்பா டாக்டர் சித்தப்பா பெட்டியைச் சொருகிப் பார்த்தார். இடது முன்சக்கர சென்சார் என்று வந்தது. மாற்றினார். பத்து நாளில் மறுபடியும் அதே வளைவு, அதே வெட்டு. போட்ட கம்பெனி சரியில்லை என்று வேறு கம்பெனி சென்சார் போட்டார். மூன்றாவது தடவை கார் ஒரு மதில் மூலையில் போய் முட்டி முகவிளக்கு நொறுங்கியது. அவளுக்கு நகத்தில்கூட அடியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது. மாப்பிள்ளை ஒரு தாளில் வளைவை வரைந்து, அம்புக்குறி போட்டு, ஆராய்ச்சி முடிவை அறிவித்தார். வளைவைக் கண்டதும் இவளுக்குப் பதற்றம் வருகிறது, பதற்றத்தில் பிரேக்கை அழுத்துகிறாள், அதனால் வண்டி வெட்டுகிறது. சென்சாரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, வேறென்ன காரணம் இருக்க முடியும் என்றார். எல்லோரும் ஹூம்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை வாய் திறந்தால் அதற்கு எதிராகப் பேசுவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு என்னவோ கணக்கு வேறு மாதிரி போயிற்று. சென்சார் புதுசு. அந்தச் சக்கரத்தின் பேரிங்கோ நாலு மாதத்துக்கு முன்னால் அவரே தன் கையால் போட்டது. தன் கை தொட்ட இடத்தில் பழுது இருக்குமா? இருக்காது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது மகளின் கால்தான்.

"ஹூம். சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி. அதான் கால் பிரேக்குக்குப் போகுது. வண்டியில ஒண்ணும் இல்ல" என்றார்.

கல்யாணமாகி ஏழு வருடத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மாப்பிள்ளை மகிழ்ந்துபோய் அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறினார். மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளே தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. இனி அவள் கார் எடுக்கக் கூடாது, பஸ்ஸில் போய்ப் பார்க்க முடிந்த நோயாளிகளை மட்டும் பார்த்தால் போதும் என்றார் மாப்பிள்ளை. அவளை வேலைக்கு அனுப்பும் மையத்திலோ, வெள்ளிக்கிழமைக்குள் கார் உண்டா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள். இல்லையென்றால் எட்டுப் பேரும் வேறொருவருக்குப் போய்விடுவார்கள்.

புதன்கிழமை காலையில் மகள் காரை ஓட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குள் வந்தாள். உடைந்த முகவிளக்கில் டேப் ஒட்டியிருந்தது. இறங்கவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "உக்காருங்கப்பா. ரோட்டைப் பாக்க வேணாம். என் காலை மட்டும் பாருங்க" என்றாள்.

ஹூம் என்றபடி உட்கார்ந்தார். பிள்ளைக்குப் புத்தி சொல்ல நல்ல சந்தர்ப்பம் என்றுதான் நினைத்தார். தண்ணீர் டேங்க் நெருங்கியதும் தலையைக் குனிந்து, கீழே விழுந்த காசைத் தேடுகிறவர்போல் அவள் பாதங்களையே பார்த்தார். வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. இடது கால் தரையில் தட்டையாகப் பதிந்திருந்தது. பிரேக் பெடல் தனியாகச் சும்மா இருந்தது. அப்போது வண்டி யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் வெட்டியது. அவர் நெற்றி முன்பலகையில் நங்கென்று மோதிற்று. அவள் கால் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். ஹூம் வரவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மஞ்சள் கோட்டைத் தாண்டினார். சக்கரங்களின் வேகத்தைத் திரையில் கோடு கோடாகப் பார்க்க வேண்டும், அதற்குத் தம்பியின் பெட்டி வேண்டும். தம்பி சுழல் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, "டப்பா டாக்டர்கிட்டயா வந்தீங்க? மோந்து பாத்தா தெரியாதா?" என்று கேட்டான். வாய்வரை வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு நின்றார் ஹூம்காரர். அண்ணன் இப்படி நிற்பதை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கத் தம்பி தயார்தான். ஆனால் அண்ணன் மகள் வாசலில் நின்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அண்ணன் ஓட்ட, தம்பி மடியில் திரையை வைத்துக்கொண்டு பார்த்தான். நான்கு கோடுகள். மூன்று ஒன்றாகப் போயின. இடது முன்சக்கரத்தின் கோட்டில் மட்டும் அங்கங்கே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. நேர்ச் சாலையில் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைச் சகித்துக்கொண்டது. வளைவில் நான்கு சக்கரமும் நான்கு வேகத்தில் ஓடும்போது அந்தப் பள்ளத்தைச் சறுக்கல் என்று நம்பிவிட்டது. சென்சாரிலிருந்து வரும் ஒயரில் கோளாறாக இருக்கும், ஒயரை மாற்றிவிடலாம் என்றான் தம்பி. மாற்றுகிறவன் வேறென்ன சொல்வான்?

அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். சாக்பீஸ் கோடு மேலே வரும்போது திரையில் ஒரு பள்ளம். ஒரு சுற்று முடிந்து கோடு மறுபடி மேலே வந்தபோது மறுபடி பள்ளம். பத்துத் தடவை சுற்றினார், பத்துத் தடவையும் அதே இடம்.

முப்பத்தோரு வருட இளக்காரமும் அப்போது ஒன்றாகத் திரண்டு வந்தது. "சென்சார் சுத்தாதுடா. அது ஒரே இடத்துல உக்காந்து எண்ணுது. ஒரு சுத்துக்கு ஒரு தடவை கோளாறு வருதுன்னா, சுத்தற பொருள்லதான் கோளாறு. ரெண்டு சென்சார் மாத்தினியே, ஒரு நிமிஷம் சக்கரத்தைச் சுத்திப் பாத்தியா?"

தம்பி சக்கரத்தைத் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்:

"சுத்தறது பேரிங். அதை யாரு போட்டது?"

ஹூம்காரர் ஸ்பேனரைத் தேடினார். பேரிங் கம்பெனிக்காரன் திருடன், இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகச் செய்கிறான் என்று தனக்குள் திட்டிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றி, பிரஸ்ஸில் வைத்துப் பேரிங்கை வெளியே தள்ளினார். அதன் ஒரு பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். பார்க்கச் சாதாரண ரப்பர் மூடி மாதிரி தெரியும், ஆனால் அதற்குள் காந்தம் வட, தென் முனையாக மாற்றி மாற்றிப் பதித்திருக்கும். சென்சார் எண்ணுவது அந்த முனைகளைத்தான். கண்ணுக்கு அது எதையும் காட்டாது. வளையத்தின் மேல் மெல்லிய தாள் ஒன்றைப் போட்டு, சாணைக்கல்லுக்கு அடியில் கிடந்த இரும்புப் பொடியை ஒரு சிட்டிகை தூவித் தட்டினார்.

பொடி வரிசை வரிசையாக எழுந்து நின்றது. சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக வட்டம் முழுக்கக் கோடுகள். ஒரே ஓர் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குக் கோடே இல்லை. பொடி அங்கே சேறுபோல் அப்பிக்கொண்டிருந்தது. வேறொரு பெரிய காந்தம் அங்கே அழுத்திப் பிடித்து அந்த முனைகளையெல்லாம் கலைத்துப் போட்டிருக்கிறது.

தலையைத் தூக்கியபோது எதிரே பலகையில் ஸ்பீக்கர் காந்தம் இருந்தது. நாலைந்து வாஷர்களும் ஒரு ஸ்பேனரும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த நாள் அவருக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. புதுப் பேரிங்கைக் கையில் எடுத்திருந்தார், போன் அடித்தது. மாப்பிள்ளை. காரில் முதலுதவிப் பெட்டியை முன்சீட்டுக்கு அடியில் வைப்பதா, டிக்கியில் வைப்பதா என்று இருபது நிமிடம் யோசனை கேட்டார். கையில் இருந்ததை வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமலே காந்தத்தில் விட்டெறிந்தார், சடக்கென்று ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை மேல் பழி போட அந்த இருபது நிமிடம் போதாதா என்று ஒரு கணம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போதாது என்று அவருக்கே தெரிந்தது. பேரிங் வந்த அட்டைப்பெட்டியை எறியாமல் ஆணி போட்டு வைத்திருந்தார், அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூடியில் லாடம் போன்ற ஒரு காந்தத்தின் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அந்தப் படத்தைப் பார்க்காமல் பேரிங்கைப் போட்டுவிட்டார் என்பதுமில்லை. பேரிங்குக்குக்கூடப் பயமாம் என்று அன்றைக்குத் தம்பியிடம் காட்டிச் சிரித்திருந்தார்.

தம்பிக்கும் அது இப்போது ஞாபகம் வந்தது. ஆனால் குத்திக் காட்டவில்லை. "கம்பெனி மேல போட்டுடலாம்ணா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதைக் கேட்கத்தான் ஹூம்காரருக்கு என்னவோபோல் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வேறு பேரிங் வாங்கி, கடைசி நிமிடம்வரை பெட்டியைப் பிரிக்காமல் மாட்டினார். தண்ணீர் டேங்க் வளைவில் ஏழு தடவை திருப்பினார். மஞ்சள் விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகவிளக்கும் மாற்றி, சாயங்காலம் காரை மகள் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பழைய பேரிங்கை ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்தார், கம்பெனிக் கோளாறு என்று காட்டுவதற்கு. வழி நெடுக அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளையிடம் சொல்லவும் சொன்னார். மகள் மேல் தப்பில்லை, பேரிங்கில் கோளாறு, கம்பெனி சரியில்லை. மாப்பிள்ளை அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். உயிர் போகிற விஷயமாயிற்றே, சும்மா விடக் கூடாது, கம்பெனிக்கு இன்றைக்கே புகார் எழுத வேண்டும் என்று காகிதம் எடுத்தார். தேதி போட்டார். முதல் பத்தி எழுதினார். அதில் தன் மனைவியின் கால் பற்றித் தான் வரைந்த ஆராய்ச்சியை ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அப்புறம் தலை நிமிர்ந்து கேட்டார்:

"டப்பா இருக்கா மாமா? டப்பாவுல ஏதாவது எச்சரிக்கை போட்டிருந்தாங்களா?"

தூக்கிப் போட்டாயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஹூம்காரர் வாயைத் திறந்தார். மகள் சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். புதன்கிழமை காலையில் பிரேக் பெடல் பக்கம் போகாமல் அசையாமல் இருந்த அந்தக் கால்கள் அவர் கண்ணில் பட்டன.

"போட்டிருந்தாங்க" என்றார். "காந்தத்துக்கிட்ட கொண்டு போகாதேன்னு படமே போட்டிருந்துச்சு. நான்தான் கொண்டு போய் ஒட்டினேன்."

மாப்பிள்ளை பேனாவை மூடி வைத்தார். அவரும் மனுஷன்தானே, எகத்தாளம் செய்திருக்கலாம். செய்யவில்லை. எழுந்து வந்து மாமனாரின் தோளில் கை வைத்து, அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இப்படி ஆகும், எங்கள் கிடங்கிலும் பார்த்திருக்கிறேன், மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். வேண்டுமானால் பலகைக்கு மேலே மாட்ட ஒரு தாள் அடித்துத் தருவதாகவும் சொன்னார். தோளில் அந்தக் கை இருந்த நேரம் முழுக்க ஹூம்காரர் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உலகத்தில் யாரிடம் மன்னிப்புப் பெறக் கூடாது என்று நினைத்திருந்தாரோ, அவரிடமே அது கேட்காமல் கிடைத்துவிட்டது.

மகள் அங்கேயே நின்று மையத்துக்குப் போன் போட்டு, கார் இருக்கிறது, எட்டுப் பேரையும் நானே பார்க்கிறேன் என்று சொன்னாள். கணவரைக் கேட்கவில்லை. அவரும் குறுக்கே பேசவில்லை.

வாசல்வரை அவருடன் வந்தாள். காரின் சாவியை அவள் கையில் கொடுத்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பழக்கம் இல்லாதவர், தெரிந்ததைச் சொன்னார்.

"இனிமே பயப்படாம ஓட்டும்மா."

அவள் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை.

"நான் எப்பவுமே பயந்து ஓட்டலப்பா. பயந்தாங்கொள்ளின்னு நீங்க ரெண்டு பேரும்தான் சேர்ந்து சொன்னீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹூம்காரர் பஸ் நிறுத்தம்வரை நடந்தார். கம்பெனியைச் சொல்லி மழுப்பியதற்கு, காந்தத்துக்கு, நெற்றியில் புடைத்த வீக்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பதில் அவரிடம் இருந்தது. 'ரெண்டு பேரும்' என்றாளே, அதற்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.